முதலில் டிராக், கடைசியில் கார்: ஆர்சி பந்தயத்துக்குத் திரும்புவோர் எதை வாங்கலாம்?

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் லெனேசியாவிலும் எத்தனையோ வீட்டுக் கராஜ்களில் இன்னும் ஒரு டமியா ஆர்சி கார் (ரேடியோவால் ஓட்டும் பொம்மைக் கார்) பெட்டி தூங்குகிறது. 1984-ல் வந்த ஹார்னெட்டாக இருக்கும், அல்லது அதே ஆண்டின் கிராஸ்ஹாப்பராக இருக்கும். அதை ஓட்டிய பையனுக்கு இன்று 50 வயதுக்கு மேல். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை கையில் கொஞ்சம் நேரம் இருக்கிறது, மறுபடி இறங்கலாமா என்று மனசு கேட்கிறது. இறங்கலாம். ஆனால் முதல் கேள்வியே "எந்தக் கார் வாங்கலாம்?" என்றுதான் வருகிறது. அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். எந்த மண்ணில் ஓட்டப்போகிறீர்கள், அங்கே எந்தப் பிரிவில் ஆள் சேர்கிறது என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் கார் தானாகவே முடிவாகிவிடும். இதைத் தலைகீழாகச் செய்தால் நல்ல கார் கையில் இருக்கும், எதிர்த்து ஓட்ட ஆள் இருக்காது.

எனவே கார் இல்லாமல் ஒரு ஞாயிறு முழுக்க டிராக்கில் போய் நில்லுங்கள். பிட் மேசைகளை எண்ணிப் பாருங்கள்: ஒரே மாடல் கார் நாலைந்து மேசையில் தெரிந்தால் அந்த மாடலுக்கு உதிரிபாகமும் யோசனையும் அங்கேயே கிடைக்கும் என்று பொருள். முன் ஆர்ம் (சக்கரத்தைத் தாங்கும் கை) உடைந்தால் பக்கத்து மேசைக்காரரிடம் ஒன்று வாங்கி அடுத்த ஹீட்டுக்கு (சிறு பந்தயச் சுற்றுக்கு) போகலாம். யாரும் ஓட்டாத அருமையான காரை வாங்கியவர் அதே ஆர்முக்காக வெளிநாட்டு ஆர்டர் போட்டு, 15 சதவீத வாட் வரியும் கூரியர் கட்டணமும் கொடுத்து, மூன்று வாரம் காத்திருப்பார். கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டியவை நான்குதான்: எந்த மோட்டாருக்கு அனுமதி, பேட்டரிக்கு என்ன வரம்பு, டயருக்கு விதி உண்டா, லேப் எண்ண எந்த டிரான்ஸ்பாண்டர்.

மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள். டர்பனைச் சுற்றியுள்ள பெரேயா சிவப்பு மணல் ஈரத்தில் இறுகிப் பிடிக்கும், காய்ந்தால் உதிரும். காலையில் ஒரு டிராக், மதியம் வேறொரு டிராக். ஜோகன்னஸ்பர்க் பக்கத்து மேட்டுநிலமான ஹைவெல்டில் குளிர்காலம் மழையற்றது, அதனால் கெட்டித் தரைமேல் மாவுபோல் தூசி படியும். செயற்கைப் புல் அல்லது கார்பெட் போட்ட டிராக் இரண்டிலிருந்தும் வேறு: அங்கே பிடிப்பு அதிகம், வளைவில் கார் வழுக்காது, உருண்டுவிடும். இந்த வேறுபாட்டால்தான் கம்பெனிகள் ஒரே பக்கியை (சக்கரம் மூடாத மண்தரைக் காரை) இரண்டு பதிப்பாக விற்கின்றன. அசோசியேட்டெட் பி6 வரிசையில் பெயர் "டி" என்று முடிந்தால் மண்ணுக்கானது. டிஎல்ஆர் 22 5.0-ல் "டிசி" என்றால் மண்ணும் களிமண்ணும், "ஏசி" என்றால் செயற்கைப் புல்லும் கார்பெட்டும். கார்பெட் பதிப்பைத் தூசி மண்ணில் விட்டால் பின்சக்கரம் வீணாகச் சுற்றும், வளைவைவிட்டு வெளியேறும்போதெல்லாம் வால் வெளியே போகும். டயர் மாற்றியும் ஓரளவுக்குமேல் அதைச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் மோட்டாரின் எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதே பிரச்சினை.

பழைய பெட்டியில் எது தேறும்?

கருவிகள் தேறும், பிட் பெட்டி தேறும். கைப்பழக்கமும் தேறும், ஒரு பழக்கத்தைத் தவிர. நிக்கல்-காட்மியம் காலத்தில் ஓட்டி முடித்ததும் பேட்டரியை பல்பு மாட்டி முழுவதும் வடியவிடுவோம், அதுதான் அதற்கு நல்லது. லித்தியம்-பாலிமர் பேட்டரியை அப்படிச் செய்தால் அன்றோடு அது செத்தது. லிப்போ செல் முழுச் சார்ஜில் 4.20 வோல்ட், பெயரளவு 3.7 வோல்ட், பாரத்தோடு ஓடும்போது 3.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிடக் கூடாது. இறங்கினால் உள்ளே வாயு உண்டாகி உப்பும், உப்பிய பேட்டரியைச் சார்ஜில் போட்டால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. திரும்பி வருபவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான். பழைய ஸ்பீட் கன்ட்ரோலரும் (ஈஎஸ்சி) இதற்குத் துணைபோகிறது. மின்னழுத்தம் குறைந்தால் மோட்டாரை நிறுத்தும் வசதி அந்தக் காலத்து ஈஎஸ்சியில் கிடையாது. பழைய காரில் 2எஸ் (இரண்டு செல்) லிப்போ போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் பேலன்ஸ் பிளக்கில் (ஒவ்வொரு செல்லையும் தனியே தொடும் சிறு பிளக்கில்) மாட்டும் சிறிய மின்னழுத்த அலாரத்தை செல்லுக்கு 3.5 வோல்ட்டில் வைத்து மாட்டுங்கள்.

27 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவையும் கிரிஸ்டல்களையும் விட்டுவிடுங்கள். இன்று எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ், "உன் அலைவரிசை என்ன, யார் ஆன் பண்ணியது?" என்ற கூச்சலே இல்லை. பழைய சர்வோ (ஸ்டியரிங்கைத் திருப்பும் சிறு மோட்டார்) வேலை செய்தாலும் பிளக்கைச் சரிபாருங்கள். பழைய சான்வா பிளக்குகளில் மின்கம்பி வரிசை இன்றைய வரிசையோடு ஒத்துப்போகாது, அப்படியே சொருகினால் ரிசீவர் புகையும். பேட்டரியின் வெள்ளை டமியா பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு எக்ஸ்டி60 பிளக்கைச் சால்டர் செய்யுங்கள். அந்த வெள்ளை பிளக் இன்றைய மோட்டார்கள் இழுக்கும் மின்னோட்டத்தில் சூடாகி உருகும்.

ரப்பர் டயர் 25 ஆண்டில் கல்லாகியிருக்கும், அதற்கு வைத்தியம் இல்லை. நைலான் ஆர்ம்கள் ஈரப்பதம் இழந்து நொறுங்கும்; கொதிநீரில் 20 நிமிடம் போட்டு எடுத்தால் கொஞ்சம் வளையும் தன்மை திரும்பும். ஷாக்கின் ஓ-ரிங்குகளை எல்லாம் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் ஒரே நாளில் வெளியே. செத்துப்போன நிக்கல்-காட்மியம் செல்களைக் குப்பையில் போடாதீர்கள், காட்மியம் நஞ்சு. பேட்டரி மறுசுழற்சிப் பெட்டியில் கொடுங்கள்.

இவ்வளவும் செய்தால் ஹார்னெட் மறுபடி ஓடும். டமியா 2004-ல் ஹார்னெட்டையும் 2005-ல் கிராஸ்ஹாப்பரையும் மறுவெளியீடு செய்ததால் உதிரிபாகங்களுக்கும் பெரிய பஞ்சமில்லை. ஆனால் அந்தக் காரில் பின் கியர்பெட்டியே முழுதாக ஆடும், பின்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் இல்லை. இன்றைய பக்கியோடு ஒரே ஹீட்டில் விட்டால் முதல் குதியிலேயே பக்கத்தில் சாயும். உங்கள் கிளப்பில் பழங்கார்ப் பிரிவு இருந்தால் அதைத் தயார் செய்யுங்கள், பெரும் சந்தோஷம் கிடைக்கும். இல்லையென்றால் அது அலமாரிக்கு; பந்தயத்துக்கு வேறு கார்.

பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஓடும் ஆர்டிஆர்

ரெடி-டு-ரன் கார் வாங்கினால் அன்றே ஓட்டலாம். பேரப்பிள்ளையோ தம்பி மகனோ கூட வருவதாக இருந்தால் அவனுக்கு இதுதான் சரி. 2008-ல் வந்த டிராக்சாஸ் ஸ்லாஷ் போன்ற ஷார்ட் கோர்ஸ் டிரக்குகள் அடி தாங்கும், சக்கரத்தை மூடிய பாடி இருப்பதால் ஒன்றோடொன்று கொக்கி மாட்டாது. ஆனால் பந்தயத்துக்குத் திரும்புகிறவருக்கு ஆர்டிஆர் இரண்டு முறை செலவு வைக்கும். அதில் வரும் மோட்டார் பெரும்பாலும் சென்சார் இல்லாதது, கிளப்பின் ஸ்டாக் பிரிவு (மோட்டார் சக்திக்கு வரம்புள்ள பிரிவு) விதிக்குள் வராது. சர்வோ மெதுவானது. ரேடியோவில் இரண்டாவது காரை நினைவில் வைக்கும் வசதி இருக்காது. ஆறு மாதத்தில் மோட்டார், ஈஎஸ்சி, சர்வோ, ரேடியோ எல்லாம் மாற்றிய பிறகு கூட்டிப் பார்த்தால் கிட் (நாமே கட்டும் பாகங்களின் பெட்டி) வாங்கியிருக்கலாம் என்று தெரியும். இன்னொரு இழப்பும் உண்டு: கையால் கட்டாத காரை டிராக் ஓரத்தில் 20 நிமிடத்தில் பிரித்துச் சேர்க்க முடியாது.

தார்த்தரை: டிடி-02

பக்கத்தில் மண் டிராக்கே இல்லை, கார் நிறுத்துமிடத்தில் கூம்பு வைத்துத்தான் ஓட்டுகிறார்கள் என்றால் டமியா டிடி-02 போதும். 2013-ல் வந்த நான்குசக்கர ஓட்ட டூரிங் கார். எல்லோரும் அதே கார், அதே வெள்ளி 540 மோட்டார் என்ற விதியோடு ஓட்டினால் குறைந்த செலவில் நெருக்கமான பந்தயம் கிடைக்கும். ஒரே அவசரச் செலவு பேரிங்: கிட்டில் வரும் பிளாஸ்டிக் புஷ்களைத் தூக்கிப்போட்டு 5 × 11 × 4 மில்லிமீட்டர் பால் பேரிங் போடுங்கள், கட்டும்போதே. பிறகு போடலாம் என்று விட்டால் முழுக் காரையும் மறுபடி பிரிக்க வேண்டும்.

1/10 இருசக்கர ஓட்ட பக்கி

திரும்பி வருபவர்களில் பெரும்பாலோருக்கு எங்கள் பரிந்துரை இதுதான்: 1/10 அளவு, இருசக்கர ஓட்டம் (பின்சக்கரம் இரண்டையும் மட்டும் மோட்டார் சுழற்றும்), கிட்டாக வாங்கிக் கட்டியது, 17.5டி சென்சார் பிரஷ்லெஸ் மோட்டாரோடு. "டி" என்பது மோட்டாரின் கம்பிச் சுற்று எண்ணிக்கை, அது குறைந்தால் வேகம் கூடும். 17.5டி என்றதும் மெதுவாக இருக்குமோ என்று நினைக்க வேண்டாம். 2எஸ் லிப்போவில் இது 1990-களின் 27டி ஸ்டாக் மோட்டாரைவிட வேகம். 6.5டி, 7.5டி மாடிஃபைடு மோட்டாரை முதல் ஆண்டில் தொடாதீர்கள். இருசக்கர ஓட்டத்தில் அதிக சக்தி என்பது அதிக வழுக்கல்தான். கை பழகுவதற்குள் டயரும் பணமும் தேய்ந்துவிடும்.

நான்குசக்கர பக்கி ஓட்ட எளிது, தவறை மன்னிக்கும். ஆனால் பெல்ட் அல்லது ஷாஃப்ட், இரண்டு டிஃபரன்ஷியல் (டிஃப்), கூடுதலான டிரைவ்ஷாஃப்ட் என்று பராமரிக்க வேண்டியது ஏறக்குறைய இரட்டிப்பு. கண் கொஞ்சம் மங்கியவர்களுக்கும் விரலில் நடுக்கம் உள்ளவர்களுக்கும் மட்டும் அதை முதல் காராகச் சொல்வோம்.

கிட் பெட்டியில் என்ன இருக்காது என்பது கடையில் நிற்கும்போது மறந்துபோகும். மோட்டார், ஈஎஸ்சி, சர்வோ, ரேடியோவும் ரிசீவரும், பேட்டரி, சார்ஜர், பினியன் (மோட்டார் அச்சில் மாட்டும் சிறு பற்சக்கரம்), பாலிகார்பனேட் பாடிக்கான பெயின்ட், பெரும்பாலும் டயர் எல்லாம் தனி. சக்கரங்கள் பல கிட்களில் வரும், சிலவற்றில் வராது. பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள். இன்றைய 1/10 பக்கியில் சக்கரத்துக்கு 12 மில்லிமீட்டர் ஹெக்ஸ் (அறுகோண மாட்டி), எனவே பழைய காரின் குறுக்கு ஊசியில் மாட்டும் சக்கரம் ஏறாது. இருசக்கர, நான்குசக்கரக் கார்களின் முன்சக்கரம் வேறுவேறு அகலம், பார்த்து வாங்குங்கள்.

கியர் விகிதத்தை மட்டும் கொஞ்சம் கணக்குப் போட்டுத் தொடங்குங்கள். ஸ்பரின் (பினியன் சுழற்றும் பெரிய பற்சக்கரத்தின்) பற்களை பினியன் பற்களால் வகுத்து, கியர்பெட்டியின் உள்விகிதத்தால் பெருக்கினால் இறுதி விகிதம். அசோசியேட்டெட் பி6-ன் உள்விகிதம் 2.60. ஸ்பர் 72 பல், பினியன் 29 பல் என்றால் 72 ÷ 29 × 2.60 = 6.46. மூன்று நிமிடம் ஓட்டி நிறுத்தி, இன்ஃப்ராரெட் வெப்பமானியால் மோட்டார் உடலைப் பாருங்கள். 75 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பினியனில் ஒரு பல் குறையுங்கள். 60-க்குக் கீழே இருந்தால் ஒரு பல் கூட்டலாம். சூடு ஏறிக்கொண்டே போனால் ரோட்டரின் காந்தம் பலமிழக்கும், அது திரும்பி வராது. டர்பன் பிப்ரவரியில் சரியாக இருந்த பினியனை ஜோகன்னஸ்பர்க்கில் அப்படியே நம்பாதீர்கள்: அங்கே காற்று மெல்லியது, மோட்டாரைக் குளிர்விக்கும் திறன் குறைவு.

பினியனும் ஸ்பரும் ஒரே பல்அளவாக இருக்க வேண்டும். 48 பிட்ச்சும் 0.6 மாட்யூலும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். சேர்த்து ஓட்டினால் ஒரே ஹீட்டில் ஸ்பர் மழுங்கும். இடைவெளி வைக்கப் பழைய வழியே போதும்: நோட்டுத்தாள் துண்டு ஒன்றை இரண்டுக்கும் நடுவே ஓடவிட்டு மோட்டார் ஸ்க்ரூவை இறுக்கி, பிறகு தாளை உருட்டி எடுங்கள்.

1/8: மின்சாரமா, நைட்ரோவா?

பெரிய கார் என்றால் மேடுபள்ளத்தை விழுங்கும், குதித்தால் நேராக இறங்கும். 1/10 பக்கி துள்ளித் தவிக்கும் கரடுமுரடான வெளி டிராக்கில் 1/8 கம்பீரமாகப் போகும். ஏறத்தாழ மூன்றேகால் கிலோவிலிருந்து மூன்றரை கிலோ எடை, மூன்று டிஃப், 17 மில்லிமீட்டர் ஹெக்ஸ் சக்கரம். பாகங்கள் அரிதாகவே உடையும், உடைந்தால் விலை அதிகம். டயரும் அப்படித்தான்.

மின்சார 1/8-க்கு 4எஸ் பேட்டரி, 1900 முதல் 2100 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுழற்சி) மோட்டார், 150 ஆம்பியர் வகை ஈஎஸ்சி என்பது வழக்கமான சேர்க்கை. சுவிட்சைப் போட்டால் ஓடும், அணைத்தால் நிற்கும். நைட்ரோ வேறு உலகம். 3.5 சிசி எஞ்சின், 125 சிசி டாங்க், 25 சதவீத நைட்ரோமீத்தேன் எரிபொருள். ஸ்டார்ட்டர் பெட்டி, குளோ இக்னைட்டர், எரிபொருள் பாட்டில், வெப்பமானி, உபரி குளோ பிளக், கிளட்ச் பேரிங் என்று மேசை நிறையும். ஒரு டாங்க் எட்டு முதல் பத்து நிமிடம். இறுதிப் பந்தயம் 30 நிமிடம் என்றால் மூன்று முறையாவது பிட்டில் நிரப்ப வேண்டும், அதற்கு ஒரு ஆள் வேண்டும். கூடவே வர மைத்துனனோ தம்பியோ உறுதியாக இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். ஆள் இல்லாமல் நைட்ரோ வாங்குவது கண்டிப்பாக வேண்டாம்.

அடுத்தது உயரம். டர்பன் கடல்மட்டம், ஜோகன்னஸ்பர்க் ஏறத்தாழ 1,750 மீட்டர். என்3 நெடுஞ்சாலையில் 570 கிலோமீட்டர் போய் வான் ரீனென் கணவாய் ஏறி மேலே சேரும்போது காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைந்திருக்கும். காற்று குறைந்தால் அதே ஊசி நிலையில் (எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் கார்ப்யூரேட்டர் ஊசி) எரிபொருள் விகிதம் கூடிவிடும்: எஞ்சின் மந்தமாகப் புகைத்துக்கொண்டு ஓடும். ஹை-ஸ்பீட் ஊசியைக் கடிகார முள்ளின் திசையில், ஒரு தடவைக்கு 1/12 சுற்று மட்டும் திருப்பி, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, மறுபடி திருப்பிச் சரிசெய்யலாம். சக்தி முழுதாகத் திரும்பாது, அங்கே எல்லோருக்கும் அப்படித்தான். உண்மையான ஆபத்து வீடு திரும்பியதும்தான். மேலே மெலிதாக்கிய ஊசியோடு டர்பனில் ஸ்டார்ட் செய்தால் காற்று கூடி, எரிபொருள் போதாமல், எண்ணெயும் போதாமல் எஞ்சின் கொதிக்கும். முதலில் குளோ பிளக் கம்பி கருகும், பிறகு பிஸ்டனும் ஸ்லீவும். பயணத்துக்கு முன் ஊசி நிலையை எழுதிவைத்துக்கொண்டு, திரும்பியதும் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே அந்த நிலைக்குத் திறந்துவிடுங்கள். மாரிட்ஸ்பர்க் போய் வருவதற்குக்கூடச் சின்னத் திருத்தம் தேவைப்படும்.

எரிபொருளில் உள்ள மெத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டர்பன் கோடையில் மூடி தளர்ந்த கேன் ஒரு மாதத்தில் கெடும். அந்த எரிபொருளோடு எந்த ஊசி நிலையும் நிற்காது. பந்தயம் முடிந்ததும் டாங்கைக் காலிசெய்து, எஞ்சினில் மிச்சம் இருப்பதை எரித்து நிறுத்தி, கார்ப்யூரேட்டர் வழியே சில துளி ஆஃப்டர்-ரன் எண்ணெய் விட்டுச் சுற்றிவையுங்கள். கடல்காற்றில் பின்பக்க பேரிங் துருப்பிடிக்க ஒரு வாரம் போதும்.

நைட்ரோவின் சத்தமும் மணமும் பிடித்தவர்களுக்கு இந்த வேலையெல்லாம் வேலையாகவே தெரியாது. அவர்களைத் தடுக்க மாட்டோம். ஆனால் வேலைநாளில் நேரமில்லாதவர், தனியாக வருபவர், வீட்டுக்குப் பக்கத்தில் சத்தத்தோடு சோதித்துப் பார்க்க இடமில்லாதவர் 1/8 வேண்டுமென்றால் மின்சாரத்தையே எடுக்கட்டும்.

ரேடியோ, சர்வோ

கார் மாறும், ரேடியோ நிற்கும். அதனால் பணத்தை இங்கே கொஞ்சம் தாராளமாக விடுங்கள். குறைந்தபட்சம் வேண்டியது: பத்து மாடலாவது நினைவில் வைத்தல், ஸ்டியரிங் எல்லை இரு பக்கமும் தனித்தனியாக, எக்ஸ்போ (ஸ்டியரிங்கின் நடுப்பகுதியை மென்மையாக்குவது), பிரேக் அளவு, ஃபெயில்-சேஃப் (சிக்னல் போனால் காரை நிறுத்துவது). ஃபெயில்-சேஃபை நியூட்ரலிலோ லேசான பிரேக்கிலோ வைத்து, சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதியுங்கள். நைட்ரோவில் இதைச் செய்யாமல் ஓட்டக் கூடாது. முழு திராட்டிலில் சிக்னல் போன மூன்றேகால் கிலோ கார் பார்க்க வந்தவர்களின் காலை உடைக்கும்.

வாங்குவதற்கு முன் ரிசீவர் விலையைப் பாருங்கள். சான்வா ரேடியோவில் ஃபுடாபா ரிசீவர் பேசாது. ஒவ்வொரு காருக்கும் அந்த நிறுவன ரிசீவரே தேவை. ரேடியோ மலிவு, ரிசீவர் விலை என்றால் மூன்றாவது காரில் கணக்கு மாறிவிடும். பக்கத்து மேசைகளில் எந்த நிறுவனம் அதிகமோ அதையே எடுத்தால் ஒரு ரிசீவர் செத்த நாளில் கடன் கிடைக்கும்.

சர்வோவில் இரண்டு எண்கள்: முறுக்குவிசை கிலோ-சென்டிமீட்டரில், வேகம் 60 டிகிரிக்கு எத்தனை வினாடி என்று. 1/10 பக்கிக்கு உயரம் குறைந்த லோ-புரொஃபைல் சர்வோ. 10 கிலோ-சென்டிமீட்டருக்கு மேல் தேவையில்லை, வேகம் 0.10 வினாடிக்குள் இருந்தால் நல்லது. 1/8-க்கு 20 கிலோ-சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. சர்வோ அச்சின் பற்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: சான்வா, கேஓ 23, ஃபுடாபா, சாவாக்ஸ் 25. தவறான ஹார்னை (அச்சில் மாட்டும் கையை) தட்டி ஏற்றினால் பற்கள் சீவிப்போய், பந்தய நடுவில் ஸ்டியரிங் கையைவிட்டுப் போகும்.

ஈஎஸ்சி, மோட்டார், பேட்டரி

ஸ்டாக் பிரிவில் ஈஎஸ்சி டைமிங்கைக் கூட்டக் கூடாது. அதைக் காட்ட ஈஎஸ்சி விளக்கு மினுக்கும், அதனால்தான் அதை "பிளிங்கி" என்கிறார்கள். ஹாபிவிங் ஜஸ்டாக் போன்ற எளிய ஈஎஸ்சி 17.5டி-க்கு முழுக்கப் போதும். மோட்டாரின் ஏ, பி, சி முனைகளை ஈஎஸ்சியின் அதே எழுத்து முனைகளோடு சேருங்கள். பிரஷ் மோட்டாரில் இரண்டு கம்பி மாறினால் பின்னால் ஓடும், அவ்வளவுதான். சென்சார் பிரஷ்லெஸில் வரிசை மாறினால் மோட்டார் உதறும், ஈஎஸ்சி எரியலாம். சென்சார் கம்பி மெல்லியது, அதை ஷாக் டவரில் உரசவிடாதீர்கள். கார் திடீரென்று திக்கித் திக்கிப் புறப்பட்டால் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கம்பியைத்தான்.

பேட்டரியை ஷார்ட்டி அளவில் வாங்குங்கள், ஏறத்தாழ 96 × 47 × 25 மில்லிமீட்டர், ஹார்ட் கேஸ். ஐந்து நிமிட ஹீட்டுக்கு 4000 எம்ஏஎச் தாராளம். இரண்டு போதும்: ஒன்று காரில், ஒன்று சார்ஜில். உறையில் அச்சடித்த "சி" எண்ணை (மின்னோட்டத் திறனை) நம்பி விலை கொடுக்க வேண்டாம். சார்ஜர் காட்டும் உள்மின்தடையை மில்லி ஓமில் குறித்துவைத்து, அது மாதாமாதம் எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். ஹைவெல்டின் ஜூலைக் காலையில் எந்த பேட்டரியும் சோம்பும். சட்டைப் பைக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்து மாட்டினாலே வித்தியாசம் தெரியும்.

சார்ஜரில் வாட் கணக்குதான் முக்கியம். 5000 எம்ஏஎச் பேட்டரியை 1சி-யில், அதாவது 5 ஆம்பியரில் ஏற்றினால் ஒரு மணி நேரம். 2எஸ்-க்கு 8.4 × 5 = 42 வாட்; 50 வாட் சார்ஜர் தாங்கும். அதே 4எஸ்-க்கு 16.8 × 5 = 84 வாட்; 50 வாட் சார்ஜர் இரண்டு மணி நேரம் எடுக்கும், உங்கள் ஹீட் போய்விடும். 1/8 பக்கம் போகும் எண்ணம் இருந்தால் ஆரம்பத்திலேயே 100 வாட்டுக்கு மேல் எடுங்கள். 230 வோல்ட் மின்சாரத்திலும் 11 முதல் 18 வோல்ட் நேர்மின்சாரத்திலும் வேலை செய்வதாக இருக்கட்டும். பல டிராக்குகளில் மின் இணைப்பு இருக்காது. மின்வெட்டு நாளில் வீட்டிலும் இருக்காது. 12 வோல்ட், 60 ஆம்பியர்-மணி டீப்-சைக்கிள் பேட்டரியில் 720 வாட்-மணி இருக்கிறது. பாதியை மட்டும் எடுப்பது அதற்கு நல்லது, ஆக 360. 2எஸ் 5000 எம்ஏஎச் ஒன்றை ஏற்ற இழப்போடு 45 வாட்-மணி போகும். எட்டு தடவை ஏற்றலாம், ஒரு முழுநாள் பந்தயத்துக்கு மேலேயே. காரின் ஸ்டார்ட்டர் பேட்டரியில் இதைச் செய்தால் மாலையில் வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டிவரும்.

சார்ஜ் செய்யும்போது எப்போதும் பேலன்ஸ் கம்பியை மாட்டுங்கள். தீ தாங்கும் பையிலோ பழைய வெடிமருந்துப் பெட்டியிலோ, மரமேசைக்கு எட்டாத டைல்ஸ் தரையில் வையுங்கள். பெட்டியாக இருந்தால் காற்றுப்புகாதபடி அடைக்காதீர்கள், உள்ளழுத்தம் வெளியேற வழி வேண்டும். ஆளில்லாமல் விடாதீர்கள்; சமையலறைக்குப் போனாலும் நிறுத்திவிட்டுப் போங்கள். பந்தயம் முடிந்த இரவே செல்லுக்கு 3.80 முதல் 3.85 வோல்ட் வரை "ஸ்டோரேஜ்" முறையில் கொண்டுவந்து வையுங்கள். முழுச் சார்ஜோடு டர்பன் வெயிலில் காரின் டிக்கியில் ஒரு வாரம் கிடந்த பேட்டரி உப்பிப்போய்த்தான் கிடைக்கும். விமானத்தில் போனால் உபரி பேட்டரிகள் கையோடு கேபினில்தான், முனைகளை டேப் ஒட்டி. 4எஸ் 6000 எம்ஏஎச் என்பது 14.8 × 6 = 88.8 வாட்-மணி, வழக்கமான 100 வாட்-மணி வரம்புக்குள் வருகிறது.

டயர்

மோட்டாரை மாற்றிக் கிடைக்கும் வேகத்தைவிட சரியான டயரில் கிடைப்பது பல மடங்கு. டிராக்கில் முன்னணியில் இருப்பவரின் டயர் பெயரையும் ரப்பரின் மென்மை எழுத்தையும் கேளுங்கள். இந்த விஷயத்தில் யாரும் மறைப்பதில்லை. தூசி மண்ணுக்கு உயரமான முள், கெட்டியாகி ரப்பர் படிந்த மண்ணுக்குக் குட்டையான நெருக்கமான முள். மென்மையான ரப்பர் பிடிக்கும், சீக்கிரம் தேயும்.

ஒட்டுவதற்கு முன் சக்கரத்தின் ஓரத்தையும் டயரின் உதட்டையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். அச்சிலிருந்து வரும் மெழுகு அதில் இருக்கும், அதன்மேல் சூப்பர் குளூ நிற்காது. ஃபோமைச் சுருக்கமில்லாமல் உட்காரவைத்து, ஓரம் முழுக்கச் சுற்றி ஒட்டுங்கள். ஒரு விரல் அகலம் விட்டுப்போனால் முதல் குதியில் அங்கேதான் பிரியும்.

ஷாக் எண்ணெயைக் கைப்புத்தகம் சொன்னபடியே தொடங்குங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: நிறுவனங்களின் "வெயிட்" எண்கள் ஒன்றோடொன்று பொருந்தாது, அசோசியேட்டெட் 30 என்பது 350 சிஎஸ்டி (சென்டிஸ்டோக்ஸ், எண்ணெயின் கெட்டித்தன்மை அளவு), இன்னொரு நிறுவனத்தின் 30 வேறு. சிஎஸ்டி எண்ணை வைத்தே வாங்குங்கள். சிலிக்கான் எண்ணெய் வெயிலில் இளகும், கோடைக்கு ஒரு படி கெட்டியானது. 1/8-க்கு டிஃப் எண்ணெய் முன் 5000, நடு 7000, பின் 3000 என்று தொடங்கினால் எந்த மண்ணிலும் பெரிய தவறு வராது.

வாங்கும் வரிசை

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்க வேண்டியதில்லை. முதல் மாதம் ரேடியோ, சார்ஜர், 1.5, 2.0, 2.5 மில்லிமீட்டர் ஹெக்ஸ் டிரைவர்கள், சக்கர நட்டுக்கு 7 மில்லிமீட்டர் டிரைவர். 1/8-க்கு 17 மில்லிமீட்டர் ரெஞ்சு. மலிவான ஹெக்ஸ் டிரைவர் ஸ்க்ரூவின் தலையை வட்டமாக்கிவிடும், பிறகு அந்த ஸ்க்ரூவைத் துளைத்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டாம் மாதம் கிட். நிதானமாக, ஒரு வாரம் எடுத்துக் கட்டுங்கள். உலோகத்தில் ஏறும் ஸ்க்ரூக்களுக்கு மட்டும் நீல லாக் திரவம் ஒரு துளி. பிளாஸ்டிக்கில் ஏறுபவற்றுக்கு வேண்டாம், பிளாஸ்டிக் வெடிக்கும். மூன்றாம் மாதம் மோட்டார், ஈஎஸ்சி, சர்வோ, இரண்டு பேட்டரி, டிராக்கில் கேட்டுவைத்த டயர் இரண்டு செட். கூடவே முன் ஆர்ம் ஒரு ஜோடி, ஸ்டியரிங் பிளாக், பின் ஹப், ஸ்பர் கியர் ஒன்று. முதலில் உடைவது இவைதான். சார்ஜர் வெளிநாட்டு முனையோடு வந்திருந்தால் நம் ஊர் மூன்று உருண்டை முள் பிளக்கைக் கம்பியிலேயே மாற்றிப் போடுங்கள். அடாப்டர்மேல் அடாப்டர் சொருகினால் தளர்ந்து சூடாகும்.

டிரான்ஸ்பாண்டரை முதல் பந்தயத்துக்கு முந்தைய வாரம் வாங்கினால் போதும். மைலேப்ஸ் ஆர்சி4-ஐ ரிசீவரின் காலி முனையில் சொருகி, சேஸியின் கார்பன் தட்டோ உலோகமோ மூடாத இடத்தில், கீழ்நோக்கிப் பார்க்கும்படி வையுங்கள். பயிற்சி நேரத்திலேயே கோட்டைக் கடந்து, திரையில் உங்கள் எண் ஏறுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.